இருபத்தோராவது காய்

சிவப்பு நூல் காய்கள் இருபது இருக்க வேண்டும். இருபத்தொன்று இருந்தன. ரேக்கில் நின்ற கண்ணாடிக் குப்பிகளை இடப்பக்கத்திலிருந்து ஒரு தடவை எண்ணினேன், வலப்பக்கத்திலிருந்து ஒரு தடவை எண்ணினேன். கண்தான் கெட்டுவிட்டதோ என்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் எண்ணினேன். இருபத்தொன்றுதான். எங்கள் லேப்பில் காய் குறைவது புதிதில்லை. அணில் கடிக்கும், காற்றில் விழும், விறகு பொறுக்க வரும் யாராவது கிளையோடு ஒடித்துக்கொண்டு போவார்கள். கூடியது இதுதான் முதல் தடவை. எங்கள் ஆராய்ச்சியாளர் ஹுமைத் சார் அடிக்கடி சொல்வார்: "கொறஞ்சா காத்து மேல பழி போடலாம் மேனுஷா. கூடினா நம்ம மேலதான் போட்டுக்கணும்."

நான் பார்க்கிற வேலை என்னவென்று எங்கள் லயத்தில், வரிசையாகக் கட்டிய தோட்டத்து வீடுகளில், யாருக்கும் விளங்க வைக்க முடிந்ததில்லை. பதுளையில் லேப்பில் வேலை என்றால் ரத்தம் சோதிக்கிற இடம் என்றுதான் நினைக்கிறார்கள். இராக்கம்மா பாட்டி ஒருநாள் சோதிக்கச் சொல்லித் தன் சலத்தைப் போத்தலில் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார். தேயிலைக் காய்க்குள் இருக்கும் கருவைப் பார்க்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னபோது, "கொழுந்தப் பார்த்தா தேத்தண்ணி கெடைக்கும், கருவைப் பார்த்து என்னத்த கெடைக்கும்?" என்றாள். கேள்வி நியாயமானதுதான். இரண்டு ரகத் தேயிலையைச் சேர்த்து புது ரகம் எடுக்கப் பார்க்கிறோம். பூவும் பூக்கிறது, காயும் பிடிக்கிறது. உடைத்தால் உள்ளே விதை பதராக இருக்கிறது. எந்த மாதத்தில், எந்த நிலையில் கரு நின்றுபோகிறது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அதற்கு ஒரு முறை இருக்கிறது. விதைக்கென்று வெட்டாமல் உயர வளரவிட்ட தேயிலை மரங்களில், பூவுக்குக் கையால் மகரந்தம் தடவி, வண்டு தேனீ வராமல் மெல்லிய வெள்ளைத் துணிப்பை மாட்டி, காம்பில் நூல் கட்ட வேண்டும். வாரத்துக்கு ஒரு நிறம். பிஞ்சு பிடித்ததும் பையைக் கழற்றிவிட்டு நூலை விட்டுவிடுவோம். மாதக்கணக்கில் காத்திருந்து, காயை அறுத்து, உள்ளே கடுகு போல இருக்கும் சூல்களை எடுத்து, ஆல்கஹால் என்கிற மதுசாரமும் வினாகிரி அமிலமும் கலந்த தண்ணீரில் போடுவேன். போட்ட கணத்தில் உள்ளே நடந்துகொண்டிருந்தது அப்படியே நின்றுவிடும். பிறகு வேறொரு திரவத்தில் சில நாள் ஊறினால் சூலின் சதையெல்லாம் கண்ணாடி மாதிரி தெளிந்து, வெட்டாமலே கருவைப் பார்க்கலாம். அறுத்த காயின் நூலை அந்தந்தக் குப்பியின் கழுத்தில் சுற்றிவிடுவது எங்கள் வழக்கம். எழுதிய எழுத்தை மதுசாரம் அழித்துவிடும், நூலை அழிக்காது. அமிலத்தில் போடுவதற்கு லேப்பில் 'ஃபிக்ஸ் பண்ணுறது' என்று பெயர். கொல்வது என்று யாரும் சொல்வதில்லை. நானும் சொன்னதில்லை.

இருபத்தோராவது குப்பியைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. மற்ற நூல்களில் இரண்டு முடிச்சு இருந்தது. அதில் மூன்று. நேற்று முன்மதியம் தூறலில் நனைந்துகொண்டே மரத்திலிருந்து அவசர அவசரமாக நறுக்கிய காய்களில் ஒன்று. அதே சிவப்பு, அதே ரீல். மூன்று முடிச்சைக் கை பார்த்திருக்க வேண்டும், கண்ணாவது பார்த்திருக்க வேண்டும். இரண்டும் பார்க்கவில்லை. மரத்தில் எங்களுக்காக நூல் கட்டுவது ஒரே ஒரு ஆள்தான், றோசாலி அக்கா. இரண்டு வருடமாக அவர் கட்டிய ஆயிரக்கணக்கான நூல்களில் மூன்று முடிச்சை நான் கண்டதேயில்லை.

மறுநாள் காலை தெமோதரை பஸ்ஸில் போய் இறங்கி, தோட்டத்துக்கு மேலே நடந்தேன். விதைத்தோட்டத்துக்குப் போகிற வழியில் ஒரு பழைய லயம் இருக்கிறது. மண் சரியும் என்று எச்சரித்து ஆட்களை வெளியேற்றிவிட்டார்கள். பன்னிரண்டு காம்பரா வீடுகளும் திறந்து கிடக்கின்றன. அடுப்புப் புகை படிந்த சுவரில் ஒரு பிள்ளையின் உயரத்தைக் கரியால் கோடு கோடாகக் குறித்திருக்கிறார்கள். நான்கு வருடமாக அதைத் தாண்டித்தான் போகிறேன், அன்றைக்குத்தான் நின்று பார்த்தேன். கோடு என் இடுப்பு உயரத்தோடு நின்றுவிட்டது.

மேலே பனி இன்னும் விலகவில்லை. விதை மரங்கள் பாதி தெரிந்தும் தெரியாமலும் நின்றன. இந்த வருடப் பூக்களுக்கு மாட்டிய வெள்ளைத் துணிப்பைகள் கிளை கிளையாகத் தொங்கின. லேப்பிலிருந்து பார்த்தால் அவை பைகள்தான். அன்றைக்கு லயத்தில் பிறந்தவளாகப் பார்த்தேன் போலிருக்கிறது, தொட்டில்களாகத் தெரிந்தன. பிள்ளை வரம் கேட்டு மரத்தில் கட்டுகிற தொட்டில்கள். எனக்காக அம்மாவும் ஒன்று கட்டினவள்தான். பக்கத்தில் போனேன். எங்கள் பைகளுக்கு நடுவில் எங்களுடையதல்லாத துணிகளும் தொங்கின. சேலைக் கிழிசல், பழைய பள்ளிக்கூடச் சட்டையின் கை, உள்ளே ஒரு கூழாங்கல். மஞ்சள் தடவிய நூல்கள். எண்ணினேன், பதினாலு. எத்தனை மாதமாக இருக்கிறதோ. நான் பூவைப் பார்க்க வருகிறவள், கிளையைப் பார்ப்பதில்லை.

எப்படி நடந்திருக்கும் என்பது சட்டென்று விளங்கியது. மேல் டிவிஷன் பெண்கள் கொழுந்துக் கூடையோடு போகும்போது பார்த்திருக்கிறார்கள். ஒரு பொம்பளை பயபக்தியோடு நூல் கட்டுகிறாள், தொட்டில் மாதிரி துணி தொங்கவிடுகிறாள். மாதத்துக்கு இரண்டு தடவை பதுளையிலிருந்து ஒரு மிஸ் வந்து அண்ணாந்து பார்த்து, பிறகு குனிந்து ஏதோ எழுதுகிறாள். சாமி வந்துவிட்டது என்று முடிவு கட்ட வேறென்ன வேண்டும்? அவர்களும் எங்களிடம் கேட்கவில்லை, நாங்களும் யாருக்கும் சொல்லவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. கம்பஸில் நாலு வருடம் கண் விழித்துப் படித்து, கடைசியில் பூசாரி ஆகிவிட்டேனே என்று.

றோசாலி அக்கா மரத்தடியில் குந்தியிருந்து சருகைக் கிளறிக்கொண்டிருந்தார். முப்பத்தாறு வயது. கணவர் றொனி கொழும்பில் ஒரு சாமான் கடையில் நிற்கிறார், மாதத்துக்கு ஒரு தடவை வருவார். இதற்கு முன்னால் இரண்டு தடவை தரித்து, இரண்டும் ஐந்தாம் மாதத்தில், பிள்ளை அசைவது தெரியும் முன்பே போய்விட்டன. இப்போது மூன்றாவது. அதே ஐந்தாம் மாதம். வயிறு மேடிட்டிருந்ததால் குந்தியிருக்க அவருக்குச் சிரமமாக இருந்தது.

"என்ன அக்கா தேடுறீங்க?"

"ஒரு காய் விழுந்துருச்சு போல மிஸ். நேத்து பின்நேரத்துலேருந்து பார்க்குறேன். கெடைக்கல."

"எந்த நிறம்?"

"ஒங்க காய் இல்ல மிஸ்." அவர் தலையைத் தூக்கவில்லை. "என்னோடது."

நானும் பக்கத்தில் குந்தினேன். சருகை ஒரு பிடி அள்ளி விரலிடுக்கில் உதிர விட்டபடி அவரே சொன்னார். "மத்தவளுக சாமின்னு கட்டுறாளுக. நான் வேணாம்னு சொல்லல, அவளுக ஆச. நான் அப்புடி இல்ல. நான் மாதாவுக்கு மெழுகுதிரி வைக்கிறவ. இது லேப்பு நூலுன்னு எனக்குத் தெரியாதா? ஆனா மிஸ், நீங்க ஒவ்வொரு காய்க்கும் தேதி எழுதி வைக்கிறீங்க. ஒண்ணு கொறஞ்சாக்கூட மரமெல்லாம் தேடுறீங்க. என்னோடது ரெண்டு போனப்ப யாரு தேடுனா? ஆஸ்பத்திரித் துண்டுல எழுதுனதோட சரி. அதான், ஒங்க காயோட காயா ஒண்ணக் கட்டி வச்சா, அதையும் சேர்த்துப் பார்த்துக்குவீங்கன்னு நெனச்சேன்."

"மூணு முடிச்சு எதுக்கு?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். முகம் அப்படியே மாறிப்போனது. "ஒங்ககிட்டயா இருக்கு?" என்றார். "ரெண்டு போனதுக்கு, ஒண்ணு இருக்குறதுக்கு. ஐயோ, ஒங்ககிட்டத்தான் இருக்கா? நான் விழுந்துருச்சுன்னுல்ல நெனச்சேன். ராவெல்லாம் கண்ண மூடல மிஸ்."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பறித்துப் போகிற காய்களை நாங்கள் என்ன செய்கிறோம் என்று றோசாலி அக்காவுக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை. நூற்றுக்கு நாலைந்து காயில் மட்டும் கருவை உயிரோடு எடுத்து, சீனியும் சத்தும் போட்ட கூழில் வைத்துப் போத்தலில் வளர்க்கிறோம். ஃபோனில் அந்தப் படத்தைத்தான் அவருக்குக் காட்டியிருந்தேன். பச்சைப் பசேலென்று அழகாக இருக்கும், யாருக்குத்தான் காட்டத் தோன்றாது? அவர் கட்டிய காய்களெல்லாம் பதுளைக்குப் போய்ப் போத்தலில் முளைக்கின்றன என்று இரண்டு வருடமாக நம்பிக்கொண்டிருந்தார்.

"லேப்ல இருக்கு அக்கா. பத்திரமா இருக்கு."

"மொளைக்குதா?"

"ம்," என்றேன்.

அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். வியாழக்கிழமை பதுளையில் கிளினிக் இருக்கிறது, முடிந்ததும் வந்து ஒரு தரம் பார்த்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்டார். வாங்க என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? இன்றைக்கோ நாளைக்கோ பிள்ளை அசைவது தெரிய வேண்டும் என்று மிட்வைஃப் சொல்லியிருக்கிறாராம். "கைய வச்சுக்கிட்டே இருக்கேன் மிஸ், இன்னும் ஒண்ணும் தெரியல," என்றார்.

அந்த ஐந்து நாளும் நான் நானாக இல்லை. சிவப்பு நூல் குப்பிகள் எல்லாவற்றையும் தெளிய வைக்கிற திரவத்துக்கு மாற்றினேன். கை பழக்கத்தில் இருபத்தோராவதையும் மாற்றிவிட்டது. இருபதையும் நுண்நோக்கியில் பார்த்து எழுதி முடித்தேன். அதை மட்டும் தொடவில்லை. சோறு பிசையும்போது விரலில் வினாகிரி வாசம் வந்தது. சவர்க்காரம் போட்டுக் கழுவினேன், தேசிக்காய் தேய்த்தேன், மறுபடியும் வந்தது. அம்மாவுக்கு அந்த வாசமே தெரியவில்லை. பஸ்ஸில் பிள்ளைத்தாய்ச்சி யாராவது ஏறினால் எழுந்து இடம் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நாலு வருடத்துப் பதிவுகளை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன், ஒன்பதாயிரத்துச் சொச்சம் கருக்கள். ஒன்றுக்காகவும் ஒரு நேரத் தூக்கம் கெட்டதில்லை. இந்தக் குப்பியில் இருப்பது யாருடையது என்று தெரியும். மற்றதெல்லாம் யாருடையது என்று ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. தேயிலையுடையது, வேறு யாருடையது என்று என்மேல் நானே எரிந்து விழுந்தேன். கேள்வி எழுந்து போகவில்லை.

பார்க்கத்தான் பயம். உள்ளே எல்லாச் சூலும் காலியாக இருந்தால்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதே மேனுஷா என்று எத்தனை தரம் சொல்லிக்கொண்டேன் என்று எனக்கே தெரியாது. காயில் இருப்பதற்கும் அவர் வயிற்றில் இருப்பதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தெரியும். தெரிந்தும் அந்தக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கக் கை வரவில்லை.

புதன்கிழமை ஹுமைத் சாரிடம் சொன்னேன். றோசாலி அக்காவின் பெயரைச் சொல்லவில்லை, மரத்தில் யாரோ நேர்த்திக்கு நூல் கட்டியிருக்கிறார்கள் என்று மட்டும். "வயசு தெரியாத காய் நமக்கு எதுக்கு? கணக்குல சேர்க்காம எடுத்து வீசிரு," என்றார். "மரத்துல உள்ள துணி எல்லாத்தையும் அவுத்துப் போடணும். இல்லாட்டி எது நம்மது, எது அவங்கடது எண்டே தெரியாமப் போயிரும்."

"யாரு சார் அவுக்கிறது?"

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "பிறகு பாப்பம்," என்று சொல்லிவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று பின்நேரம் ஒரு காரியம் செய்தேன். வளர்ப்பு அறையிலிருந்து உயிரோடிருக்கும் போத்தல் ஒன்றை எடுத்தேன். நீல நூல் காய், இரண்டு இலை விட்டு நன்றாக நின்றது. இருபத்தோராவது குப்பியின் கழுத்திலிருந்து சிவப்பு நூலை, முடிச்சு அவிழாமல் மெதுவாக உருவி, போத்தலின் கழுத்தில் சுற்றினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்று தெரியும். ஆனால் ஒரு மனுஷியின் ஐந்தாம் மாதம் தாண்டும் வரைக்கும் மறைந்திருந்தால் போதாதா என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை பத்தரை மணிக்கு றோசாலி அக்கா வந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கிளினிக் அட்டையை ஷொப்பிங் பேக்கோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு, கோயிலுக்குள் வருகிற மாதிரி வந்தார். வைத்த கால் சீமெந்துத் தரையில் ஈரமாகப் பதிந்தது. கிளினிக்கில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். எல்லாம் சரி, அசைவுதான் இன்னும் பார்க்க வேண்டும் என்றார்களாம். நான் போத்தலைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி, சன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். "நல்ல பச்ச," என்றார். முகம் விரிந்தது. அதைப் பார்த்ததும் என் மனதிலிருந்து ஒரு பெரிய பாரம் இறங்கியது. பொய் சொல்வது இவ்வளவு லேசான வேலையா என்றுகூட நினைத்தேன்.

அவர் கண் மேசைமேல் இருந்த ரேக்குக்குப் போனது. அதை உள்ளே எடுத்து வைக்க நான் மறந்திருந்தேன். தான் கட்டிய நூல்களைப் பார்த்துச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"இதுல ஒண்ணுக்கு மட்டும் நூலு இல்லையே மிஸ்."

 அவர் போத்தலை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் நூலை முகர்ந்தார். அப்புறம் குனிந்து ரேக்கை முகர்ந்தார். இரண்டிலும் ஒரே வினாகிரி வாசம். போத்தலை மெதுவாக மேசையில் வைத்தார்.

"என்னோடது எது மிஸ்?"

நூல் இல்லாத குப்பியைக் காட்டினேன்.

"இந்தத் தண்ணியில போட்டா வளருமா?"

"வளராது அக்கா. போட்ட நேரத்துல எப்புடி இருந்துச்சோ, அப்புடியே நிக்கும்."

"இருபதும்?"

"எல்லாமே அப்புடித்தான். போத்தல்ல வளக்குறது ரொம்பக் கொஞ்சம்."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். தன் இரண்டு கையையும் மடியில் மலர்த்தி வைத்துப் பார்த்தார். அந்த விரல்கள்தான் எல்லா நூலையும் கட்டின. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். மண்ணை வாரித் தூற்றியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அவர் அழவில்லை. "அதுல பார்க்கலாமா?" என்று நுண்நோக்கியைக் காட்டினார்.

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டுமோ என்னவோ. ஆறு சூல்களை ஸ்லைடில் எடுத்து வைத்தேன். முதலில் நான்தான் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் இடம் தெரியாது. முதலாவது காலி. இரண்டாவது காலி. மூன்றாவதில் சுருங்கிய தோல் மட்டும். "இருக்கா மிஸ்?" என்றார். "பொறுங்க அக்கா," என்றேன். நாலாவதும் ஐந்தாவதும் காலி. எனக்குத் தெரிந்த சாமி எல்லாவற்றின் பெயரும் வாயில் வந்தது, மாதா உட்பட. ஆறாவதை வெளிச்சத்துக்கு நகர்த்திக் குமிழைத் திருப்பினேன். சதை எல்லாம் தெளிந்த நீர் மாதிரி விலகி, நடுவில் அது இருந்தது. ஒரு பழுதில்லை. கீழே மெல்லிய காம்பு, மேலே இரண்டு பக்கமும் சின்ன மேடு. ஒவ்வொரு செல்லும் தனித்தனியாக எண்ணலாம் போல.

நான் எழுந்து இடம் விட்டேன். வயிறு மேசையில் இடித்ததால் அவர் பக்கவாட்டாக நின்று குனிந்தார். ஒரு கண்ணை எப்படி மூடுவது என்று தெரியாமல் கையால் பொத்திக்கொண்டார். ரொம்ப நேரம் அசையவில்லை.

"ரெண்டு பக்கமும் தோளு மாதிரி இருக்கு," என்றார் மெல்ல.

புத்தகத்தில் இந்த நிலைக்கு இதய வடிவம் என்று போட்டிருக்கும். எனக்கு நாலு வருடமாக அது கடைவாய்ப் பல். தோள் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சொன்ன பிறகு வேறு எதுவாகவும் நினைக்க முடியவில்லை.

"அக்கா," என்றேன். "அன்னைக்கு மரத்தடியிலயே நான் ஒங்ககிட்ட..."

"பேசாதீங்க மிஸ்."

கண்ணைப் பொத்தியிருந்த கையை எடுத்து என்னை நோக்கி நீட்டினார், நில்லுங்கள் என்கிற மாதிரி. மற்ற கை முந்தானைக்குள் போனது. தலைக்கு மேலே மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. நான் சத்தமில்லாமல் போய் அதை நிறுத்தினேன். இறக்கைகள் சுற்றி, சுற்றி, மெல்ல ஓய்ந்தன. றோசாலி அக்கா லென்ஸிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. அடிவயிற்றின் இடப்பக்கத்தில் விரல்கள் ஐந்தும் விரிந்து, ஓரிடத்தில் அழுந்தி, அப்படியே இருந்தன.